செம்பா, எவர்சில்வரா? வெந்நீர்த் தொட்டி வாங்கும் முன்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



ஆண்டு மலருக்கு டெக்னிக்கல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, ரோபோ பற்றியோ மின்சாரக் கார் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் செல்போனில் பார்த்ததுதான். கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட பொருள் ஒன்று உண்டென்றால் அது குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர். என் அப்பா பெசன்ட் நகரில் பிளம்பர். பத்து வயதிலிருந்தே லீவு நாட்களில் அவருடைய ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். அதனால் அப்பா கண்ணுக்கு நான் இப்போதே இன்ஜினியர். அந்த நம்பிக்கையால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

போன மார்கழியில் ஒரு ராத்திரி அப்பா கேட்டார். "டிப்போ பக்கத்துல ஒரு மாமி வீட்ல புது கீசர் போடணுமாம். செம்பு டேங்க் போடவா, எவர்சில்வர் போடவான்னு கேக்கறாங்க. நீதான் படிக்கிறியே, சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. "செம்புதாம்பா. செம்பு வெப்பத்தை எவர்சில்வரை விட இருபத்தஞ்சு மடங்கு நல்லா கடத்தும்" என்று புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். செம்புக்கு ஏறத்தாழ 390, எவர்சில்வருக்கு 16 என்று எண்ணையும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது சரி. அந்த வீட்ல போட்ட எவர்சில்வர் டேங்க் ஏன்டா பதினாலு மாசத்துல ஓட்டையாச்சு?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 'அந்த வீடு' எது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 2018 டிசம்பரில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், அப்பா சொன்னதை நம்பி ஒரு வீட்டுக்காரர் பெரிய எவர்சில்வர் டேங்க் வாங்கினார். 2020 பிப்ரவரியில் அது வெல்டிங் ஓரத்தில் கசிந்து, கீழே மர அலமாரியெல்லாம் ஊறிப்போனது. மட்டமான சரக்கை வாங்கிக் கொடுத்துக் கமிஷன் அடித்துவிட்டார் என்று அப்பா மேல் பழி வந்தது. அப்பா கமிஷன் வாங்கவில்லை. ஆனாலும் தெருவில் பேர் கெட்டுவிடக்கூடாது என்று அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. தோட்டுத் துளையில் அம்மா துடைப்பக் குச்சி செருகிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே இது மாமி வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. மெட்டீரியல் சயன்ஸ் புத்தகத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த முறை பரீட்சைக்காக அல்ல.

முதலில் என் பதிலில் இருந்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பல பேர் இதே பதிலைத்தான் சொல்வீர்கள். கும்பகோணத்துச் செம்பு பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். உருளையான பாத்திரம், நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரி போட்டு மூட்டினால் சுற்றிலும் உள்ள தண்ணீர் சூடாகும். அங்கே நெருப்பு ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம், நடுவில் தகடு. வெப்பம் தகட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். கீசரில் அப்படி இல்லையே! காயில் தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. உண்டாகும் வெப்பம் முழுவதும் நேராகத் தண்ணீருக்குப் போகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள்: 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 25 × 4.186 × 32, அதாவது சுமார் 3350 கிலோ ஜூல் வேண்டும். யூனிட்டில் 0.93. இரண்டு கிலோவாட் காயில் என்றால் 28 நிமிடம். இந்தக் கணக்கில் தொட்டி எந்த உலோகம் என்ற கேள்வி எங்கேயாவது வந்ததா? வெந்நீர் ஆறாமல் இருப்பதும் தொட்டியைச் சுற்றி அடைத்திருக்கும் நுரைப் பஞ்சின் வேலை, தகட்டின் வேலை இல்லை.

இன்னொன்றும் கண்டேன். கரி பாய்லரில்கூட செம்பின் அந்த இருபத்தைந்து மடங்கு பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. தகட்டை ஒட்டி நிற்கிற சூடான புகைப் படலம் வெப்பத்தை மறிக்கிறதே, அந்தத் தடைக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டின் தடை பல நூறில் ஒரு பங்குதான். பிறகு ஏன் நம் முன்னோர்கள் செம்பை எடுத்தார்கள்? அடித்து வளைக்க இளகிக் கொடுக்கும். ஒரே இடத்தில் சூடேறிக் கோணாமல் வெப்பத்தைப் பரப்பிவிடும். ஓட்டை விழுந்தால் ஊதி ஒட்டிவிடலாம். இந்த மூன்றாவது காரணம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, கடத்துதிறன் கேள்வி அடிபட்டுப் போனது. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: எது அரிக்காமல் நிற்கும்?

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பதற்குக் காரணம், அதில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிற குரோமியம். சாதாரணமாக நாம் பார்க்கும் 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் போட்டுக்கொள்கிறது. கீறினால் தானே ஆறிவிடும் தோல் மாதிரி. அந்தத் தோலுக்கு எமன் குளோரைடு. அதாவது உப்பில் பாதியாக இருக்கிற குளோரைடு. படலத்தில் ஏதோ ஒரு புள்ளியில் குளோரைடு புகுந்துவிட்டால் அங்கே ஊசி முனை அளவுக்குக் குழி விழுகிறது. குழிக்குள் ஆக்சிஜன் எட்டாது, அதனால் தோல் திரும்ப வளராது. உள்ளே தண்ணீர் அமிலமாகிறது, அமிலம் இன்னும் குளோரைடை இழுக்கிறது, குழி தானாகவே ஆழமாகிக்கொண்டு போகிறது. மேலே பார்த்தால் தொட்டி பளபளவென்றுதான் இருக்கும்.

வெந்நீர்த் தொட்டியில் இதைவிட மோசமான ஒன்று நடக்கும். தகட்டில் இழுவிசை இருந்து, தண்ணீரில் குளோரைடு இருந்து, சூடும் ஏறக்குறைய 60 டிகிரியைத் தாண்டினால், 304 ரகத்தில் மயிரிழை போல விரிசல் ஓடும். தகைவு அரிப்பு விரிசல் என்று இதற்குப் பெயர். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. எவர்சில்வர் தட்டில் தினமும் ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறோமே, அது ஏன் விரிவதில்லை என்று என் தங்கை கேட்டாள். நல்ல கேள்விதான். தட்டை உடனே கழுவி வைத்துவிடுகிறோம், நாள் முழுக்கச் சூட்டில் ஊறப்போடுவதில்லை. தட்டில் வெல்டிங்கும் இல்லை. தொட்டியில் வெல்டிங் ஓரத்தில் தகடு ஆறிச் சுருங்கும்போது இழுவிசை அங்கேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்த ஓரம் 450-லிருந்து 850 டிகிரிக்குள் கிடந்தால் அங்குள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு மணிகளின் விளிம்பில் ஒதுங்கும். பக்கத்தில் தோல் போடக் குரோமியம் மிஞ்சாது. அப்பா சொன்ன 'வெல்டிங் ஓரம்' என்ற ஒரு வார்த்தையிலேயே பாதிக் கதை இருந்திருக்கிறது!

மீதிக் கதை தண்ணீரில் இருந்தது.

பெசன்ட் நகர் மண் கடற்கரை மணல். மழை பெய்து இறங்கும் நல்ல தண்ணீர், எடை குறைவு என்பதால், அடியில் இருக்கிற கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் இதற்கு ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் படியுங்கள்: போர் போட்டு ஒரு மீட்டர் உறிஞ்சிவிட்டால், உப்புத் தண்ணீர் கீழேயிருந்து 40 மீட்டர் மேலே ஏறி வரப் பார்க்கும். 2003-இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் அருமை இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரியும் வறண்டு, மெட்ரோ வாட்டர் குறைந்து, சென்னை முழுக்க ராத்திரி பகலாக போர் ஓடியதல்லவா? அப்பா மாட்டிய அந்த டேங்க் சரியாக அந்தக் கோடையைத்தான் தாண்டி வந்தது.

என் தாத்தா ஊரூர் குப்பத்தில் கட்டுமரம் ஓட்டியவர். கட்டுமரத்தில் ஒரு ஆணி கூடக் கிடையாது, எல்லாம் கயிற்றுக் கட்டுதான். ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "இரும்பை உப்பு தின்னும், கயித்தைத் தின்னா மாத்திக்கலாம்" என்றார். நான் இதை மலருக்காகச் சேர்க்கவில்லை. மூன்று வருஷம் படித்து நான் கண்டுபிடித்ததை அவர் மணலில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

ஊகம் போதாது, அளந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலாண்டில் நாம் எல்லோரும் வேண்டா வெறுப்பாகச் செய்த டைட்ரேஷன்தான். 50 மில்லி தண்ணீர், அதில் சில துளி பொட்டாசியம் குரோமேட், ப்யூரெட்டில் 0.02 நார்மல் சில்வர் நைட்ரேட். மஞ்சளாக இருக்கும் தண்ணீர் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி இறங்கியது என்பதை 14.18-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரைடு என்று வந்துவிடும். கெமிஸ்ட்ரி லேப் சார் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் கொடுத்தார். சில்வர் நைட்ரேட் விலையைச் சொல்லி, சிந்தினால் தொலைத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

அப்பாவையும் கூட்டி வரலாமா என்று கேட்டேன். வரச் சொன்னார். அட்மிஷனுக்குப் பிறகு அப்பா நம் கல்லூரிக்குள் வந்தது அன்றுதான். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நான் வேண்டாம் என்று சொன்னதும் கேட்கவில்லை.

மூன்று பாட்டில் வைத்திருந்தோம். மாமி வீட்டு மெட்ரோ குழாய்த் தண்ணீர் 6 மில்லியில் சிவந்தது: 85. மாமி வீட்டு ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர், அதாவது மெட்ரோவும் போரும் சம்ப்பில் கலந்தது, 19 மில்லி: சுமார் 270. மூன்றாவது 'அந்த வீட்டு' போர்த் தண்ணீர். அப்பா அந்தத் தெருப் பக்கம் போவதில்லை, வாட்ச்மேன் அண்ணன்தான் பிடித்துக் கொடுத்தார். 20 மில்லி இறங்கியது, மஞ்சள். 30, மஞ்சள். அப்பா ப்யூரெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 44-இல்தான் நிறம் திரும்பியது. 624.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. ஆக, நூறு குடம் கிணற்றுத் தண்ணீரில் மூன்று குடம் கடல் தண்ணீர் கலந்தாலே 570 வந்துவிடும். நாக்கில் வைத்தால் லேசாகத்தான் கரிக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு 250 நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. மனிதன் குடிக்கலாம், தொட்டி தாங்காது! 304 ரகத்துக்குப் பச்சைத் தண்ணீரிலேயே 200 வரைதான், மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்த்த 316 ரகத்துக்கு 1000 வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சூடேறினால் இரண்டுமே கீழே இறங்கும். 304 மிக வேகமாக இறங்கும்.

இதை எல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ தப்பு என் மேல இல்லையாடா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. "அந்த டேங்கை நடுவுல எப்பவாவது கழட்டினியாப்பா?" என்று கேட்டேன். கழற்றியிருக்கிறார். தண்ணீர் சூடாக நேரமாகிறது என்று சொன்னார்களாம். காயில் மேல் உப்புப் படிந்திருந்ததால், பாத்ரூம் கழுவும் ஆசிட்டை உள்ளே ஊற்றிக் குலுக்கிக் கழுவியிருக்கிறார். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலமும் குளோரைடும் ஒரே பாட்டிலில்! எவர்சில்வரின் தோலை உரிக்க அதைவிடப் பொருத்தமான சரக்கு கடையில் கிடையாது. எவ்வளவு கழுவினாலும் வெல்டிங் இடுக்கில் கொஞ்சம் தங்கிவிடும்.

"பாதிப்பா" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "மத்த வீட்லயும் அப்படித்தானே ஊத்தியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். இப்போது மளிகைக் கடை சிட்ரிக் ஆசிட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவைக்கிறார். நேரம் கூடுதலாகும், கூலி அதேதான். ஆசிட் ஊற்றிக் கழுவிய வீடுகளில் நான்கு ஐந்து வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். அதில் ஒரு வீட்டில் திட்டு வாங்கினார்.

இந்த இடத்தில் செம்புதான் சிறந்தது என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். சூடான உப்புத் தண்ணீரை எதிர்த்து நிற்பதில் 304-ஐ விட அது மேல் என்பது உண்மை. ஆனால் செம்புக்கும் நோய் உண்டு. தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்தால் செம்பு கரையும், டைல்ஸில் பச்சையும் நீலமுமாகக் கறை விழும். உப்பே இல்லாத மென்மையான தண்ணீரும் அதற்கு ஆகாது. நெம்மேலி மாதிரி ஆலைகளில் கடல்நீரிலிருந்து உப்பை எடுத்த பிறகு கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் வழியில் உள்ள குழாயை எல்லாம் அது தின்றுவிடும். வீட்டுக்குள் தனியாக ஆர்.ஓ. போட்டு அந்தத் தண்ணீரைக் கீசருக்கு விடுபவர்களுக்குச் செம்பு வேண்டாம்.

அப்பாவின் அனுபவத்தில் புதிராக இருந்த ஒன்று செம்பால் விளைந்ததுதான். செம்பு டேங்க் மாட்டிய பழைய வீடுகளில், டேங்குக்கு அடுத்து வரும் ஜி.ஐ. குழாயும் எல்போவும் சீக்கிரம் ஓட்டையாகும். "இப்போ வர்ற ஜி.ஐ. சரியில்ல" என்பார். ஜி.ஐ. பாவம். வெந்நீரில் துளித்துளியாகக் கரைந்து வரும் செம்பு, குழாயின் துத்தநாகப் பூச்சின் மேல் படிந்து, அங்கங்கே சின்னச் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து குழி போடுகிறது. தண்ணீர் போகும் திசையில் ஜி.ஐ. முதலில் வந்து செம்பு பின்னால் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. செம்பு முதலில் வந்து ஜி.ஐ. பின்னால் இருக்கக் கூடாது. சி.பி.வி.சி. குழாய் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை.

அடுத்து அழுத்தம். இது நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம், பி.டி. பை டூ டி. தொட்டி விட்டம் 300 மி.மீ., தகடு 0.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடி டேங்க் 15 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 1.5 பார், தகட்டில் வரும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன். பதப்படுத்திய மெதுவான செம்பு சுமார் 60, 70 வரை வளையாமல் தாங்கும், கவலையில்லை. புதிய அடுக்குமாடிகளில் பிரஷர் பம்ப் வைக்கிறார்கள். அழுத்தம் 6 பார் வரை ஏறினால் அதே கணக்கு 112 ஆகிவிடும். செம்பு உப்பிவிடும். 304 எவர்சில்வர் 205 வரை தாங்குவதால் அங்கே எவர்சில்வர்தான். 316-ம் அப்படியே. செம்பே வேண்டுமானால் இரண்டு மடங்கு தடிமன் போட வேண்டும். செம்புத் தகட்டின் விலை எவர்சில்வரைப் போலப் பல மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். பிரஷர் பம்ப் உள்ள வீட்டில் உப்புத் தண்ணீரும் இருந்தால், உள்ளே கண்ணாடி போன்ற எனாமல் பூசிய இரும்புத் தொட்டியையும் பார்க்கலாம். ஆனால் அதற்குள் தொங்கும் மக்னீசியம் கம்பி தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து உயிரை விடுகிறது. தீர்ந்ததும் மாற்ற வேண்டும். அப்படி ஒரு கம்பி இருப்பதே பாதி வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது என்கிறார் அப்பா.

சாஃப்ட்னர் வைத்திருக்கிறோமே, உப்பு போய்விடுமே என்று சிலர் சொல்வார்கள். போகாது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. படிவு குறையும், சோப்பு நுரைக்கும். குளோரைடு ஒரு மில்லிகிராம் கூடக் குறையாது. இது தெரியாமல் அப்பாவும் இரண்டு வீட்டில் சாஃப்ட்னரை நம்பி 304 வாங்கச் சொல்லியிருக்கிறார்.

கடையில் இன்னொரு ஏமாற்று உண்டு, காந்தச் சோதனை. காந்தம் ஒட்டவில்லை, அசல் எவர்சில்வர் என்பார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது! அதே சமயம் ஜப்பானில் வெந்நீர்த் தொட்டிக்கென்றே பயன்படுத்தும் 444 ரகத்தில் காந்தம் நன்றாக ஒட்டும். நிக்கல் இல்லாத அந்த ரகத்தில் விரிசல் நோய் ஏறக்குறைய வருவதே இல்லை. ஆகவே காந்தத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, தகடு எந்த ரகம் என்று பில்லில் எழுதிக் கேளுங்கள். 304, 316 என்ற எண்ணுக்குப் பின்னால் 'எல்' என்ற எழுத்து இருந்தால் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று அர்த்தம், வெல்டிங்குக்கு நல்லது. நம் சேலம் உருக்காலையே 1980களின் தொடக்கத்திலிருந்து எவர்சில்வர் தகடு உருட்டுகிறது. ரகத்தின் பேரைக் கேட்பது ஒன்றும் அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. சேமிப்பு கீசருக்கு ஐ.எஸ். 2082 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாமி வீட்டுக்கு வருவோம். அப்பா என்னை முன்னால் விட்டுத் தான் பின்னால் நின்றார். மாமி கேட்ட முதல் கேள்வியே என்னை மடக்கிவிட்டது. "எங்க மாமியார் காலத்து செம்பு பாய்லர் மாடியில இருக்குப்பா. அம்பது வருஷம் ஆச்சு. அது ஓட்டையாகலையே, நீ என்னமோ தண்ணி டெஸ்டுங்கறே?" மாடிக்குப் போய் அதைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் மூன்று ஒட்டு இருந்தது. மாமி சிரித்துவிட்டார். அந்தக் காலத்தில் தினமும் காலையில் தண்ணீரைக் காலி செய்து கவிழ்த்து வைப்பார்களாம். வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே ஈயமும் பூசுவார்களாம். யாராவது கீசரை அப்படிக் கவிழ்த்து வைக்க முடியுமா?

அந்த வீட்டில் ஓவர்ஹெட் டேங்க் கீசருக்கு நான்கு மீட்டர் மேலே, பம்ப் கிடையாது. அழுத்தம் அரை பார் கூட இல்லை. தண்ணீரில் குளோரைடு 270. அதனால் 304 வேண்டாம் என்றேன். 316 அல்லது உள்ளே ஈயம் பூசிய செம்பு, இரண்டில் எதுவானாலும் சரி. செம்பென்றால் வெந்நீர் ஜி.ஐ. குழாயைக் கழற்றி சி.பி.வி.சி. போட வேண்டும். எதுவானாலும் மெட்ரோ தண்ணீரைத் தனி டேங்கில் ஏற்றி அதிலிருந்து கீசருக்கு லைன் இழுத்தால் நல்லது, அப்போது குளோரைடு 85 ஆகிவிடும். நாற்பது அடி குழாய், ஒரு நாள் வேலை. மாமி செம்பு என்றார். ஒட்டு போட முடியும் என்பதால் அப்பாவுக்கும் செம்பில்தான் இஷ்டம். நானாக இருந்தால் தனி லைன் போட்ட பிறகு, விலையைப் பார்த்து 316-ஐ எடுத்திருப்பேன். ஆனால் வாங்குகிறவர் மாமி.

சமையலுக்குச் சீக்கிரம் கொதிக்கட்டும் என்று மாமி கீசர் தண்ணீரைத்தான் உலைக்கு வைப்பாராம். அது மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தோம். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பதுதான் ஏற்கத்தக்க அளவு, போனால் போகிறது என்று 1.5 வரை. ராத்திரி முழுக்கத் தொட்டியில் சூடாகக் கிடந்த தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கும் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? கீசரை நாள் முழுக்கப் போட்டு வைக்காமல், குளிக்கும் முன் அரைமணி நேரம் 60 டிகிரிக்குச் சூடாக்கி, பிறகு அணைத்துவிடுங்கள். கிருமியும் தங்காது, மின்சாரமும் மிச்சம். சென்னையில் அதற்கு மேல் சூடு யாருக்கு வேண்டும்?

பொங்கலுக்கு முன்னால் டேங்க் மாட்டியாயிற்று. வெல்டிங் ஓரத்தில் அறுத்தெடுத்த அந்தப் பழைய தகடு இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதை மெட்டலர்ஜி லேபுக்குக் கொண்டுவந்து பாலிஷ் செய்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து ஓடும் விரிசல் தெரிகிறது. புத்தகத்தில் போட்டிருக்கிற படம் போலவே இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் லேபில் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது அப்பா எந்த வீட்டுக்குக் கீசர் வேலைக்குப் போனாலும் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறார். சனிக்கிழமை மத்தியானம் லேப் மேஜையில் நான்கு ஐந்து பாட்டில் வரிசையாக நிற்கும். உங்கள் வீட்டுத் தண்ணீரையும் கொண்டு வரலாம், சார் அனுமதி கொடுத்திருக்கிறார். குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை கழுவி, பிறகு கழுத்து வரை பிடித்து மூடுங்கள். தெருப் பேரையும் போரா மெட்ரோவா என்பதையும் மேலே எழுதி ஒட்டுங்கள். ஊறுகாய் பாட்டில் மட்டும் வேண்டாம். போன மாதம் ஒரு நண்பர் கொண்டுவந்தது கடல் தண்ணீரையே தோற்கடித்துவிட்டது.